தனியாரிடம் பழைய வண்டி, ட்ரெய்லர் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க: விளம்பரம் முதல் சாவி வரை

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் போனதும் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. எஞ்சினில் கோளாறு இருந்தால் செலவு செய்து சரிசெய்துகொள்ளலாம். வண்டியே திருட்டு வண்டி என்றாலோ, அதன் பேரில் அடைபடாத கடன் இருந்தாலோ, விற்றவர் உரிமையாளரே இல்லை என்றாலோ, எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியும் போகும், கொடுத்த பணமும் போகும்.

ஆள், காகிதம், இரும்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே இந்த வழிகாட்டியின் மையம். ஆள் என்பது எதிரில் நிற்பவர். காகிதம் என்பது பதிவுச் சான்று. இரும்பு என்பது வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் எண். பெரும்பாலான மோசடிகள் இந்த மூன்றில் ஏதோ ஓர் இணைப்பு அறுந்த இடத்தில்தான் நடக்கின்றன. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒரு படியில் சிக்கல் வந்தால் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

1. விளம்பரத்திலேயே வடிகட்டுவது

அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் பத்தையாவது பார்த்து விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கும் விலையை விட நான்கில் ஒரு பங்கு குறைவாக ஒன்று வந்தால், அதிர்ஷ்டம் என்று நினைக்காமல் காரணத்தைத் தேடுங்கள். "வெளிநாடு போகிறேன்", "கணவர் இறந்துவிட்டார், வண்டியைப் பார்க்கவே மனம் வரவில்லை", "ராணுவத்தில் இடமாற்றம்" ஆகியவை திரும்பத் திரும்ப வரும் கதைகள். கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விலைக் குறைவு, அவசரம், வண்டியை நேரில் காட்ட முடியாத நிலை மூன்றும் சேர்ந்து வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படங்களைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு ஊர் விளம்பரத்தில், வேறு விலையில் கிடைத்தால் விஷயம் தெரிந்துவிடும். படத்தில் உள்ள நம்பர் பிளேட்டின் வடிவம், பின்னணியில் தெரியும் மரங்கள், சாலையில் வண்டிகள் போகும் பக்கம் ஆகியவை சொல்லப்பட்ட ஊரோடு ஒத்துப்போகின்றனவா என்றும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால், ஒரு தாளில் நீங்கள் சொல்லும் சொல்லை எழுதி வைப்பரின் அடியில் செருகி, சேசிஸ் எண் தெரிகிற மாதிரி வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். வண்டி கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை.

2. தொலைபேசியில் கேட்க வேண்டியவை

முதல் அழைப்பில் மாடலைச் சொல்லாமல், "வண்டி விளம்பரம் பார்த்தேன், இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். "எந்த வண்டி?" என்று பதில் வந்தால், பேசுவது ஒரே வண்டியை விற்கும் வீட்டுக்காரர் அல்ல, பெரும்பாலும் தனியார் வேஷம் போட்ட வியாபாரி. வியாபாரியாக இருப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் பிரச்சினை. விபத்து வண்டியையும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் பொறுப்பில்லாமல் கைமாற்ற வசதியான முகமூடி அது. அந்த எண்ணை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் இன்னும் நாலைந்து விளம்பரங்கள் வரும்.

பிறகு நேரடியாகக் கேளுங்கள்: பதிவு யார் பெயரில் இருக்கிறது? நீங்கள் அவருக்கு என்ன உறவு? கடன் உண்டா? எத்தனை சாவி இருக்கிறது? சேசிஸ் எண்ணை அனுப்ப முடியுமா? எண்ணை அனுப்ப மறுப்பவரைப் பார்க்கப் போய்ப் பெட்ரோலை வீணாக்க வேண்டாம். எண் கிடைத்ததும், உங்கள் நாட்டில் பதிவுத் துறையோ காவல்துறையோ பொதுமக்களுக்குத் தரும் தேடல் வசதி இருந்தால், திருட்டுப் பதிவு, கடன் பதிவு, விபத்தில் முழுச் சேதம் என்று காப்பீட்டில் ஒதுக்கப்பட்ட பதிவு மூன்றையும் பாருங்கள். அறிக்கையை நீங்களே எடுங்கள். விற்பவர் அனுப்பும் பிடிஎஃப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

பார்க்கும் முன்பே "டோக்கன் அட்வான்ஸ்" கேட்டால் கொடுக்காதீர்கள். "இன்னொருத்தர் சாயங்காலம் வர்றார்" என்றால், வரட்டும்.

3. இடமும் நேரமும்

பகல் வெளிச்சம், காய்ந்த வண்டி, குளிர்ந்த எஞ்சின். மழையில் நனைந்த பெயின்டில் எந்தக் குறையும் தெரியாது. முடிந்தால் பதிவுச் சான்றில் உள்ள முகவரியிலேயே பாருங்கள். அந்த வீட்டிலிருந்து அவர் இயல்பாக வெளியே வருவதே ஒரு சான்று. அது முடியாவிட்டால் காவல் நிலையம், வங்கி போன்ற இடங்களின் வாசல் நல்லது. கட்டுப் பணத்தோடு போக வேண்டாம். இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வண்டியைப் பார்க்கும்போது அவர் ஆளைப் பார்க்கட்டும்.

4. சேசிஸ் எண்: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

1981-க்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் இந்த எண் 17 இடங்கள் கொண்டது. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது, ஏனென்றால் அவை ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும். அவற்றில் ஒன்று இருந்தாலே எண் போலி. முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைச் சொல்லும். 10-ஆம் இடம் பல நாடுகளில் மாடல் ஆண்டைக் குறிக்கும். வட அமெரிக்காவில் விற்கப்படும் வண்டிகளில் 9-ஆம் இடம் சரிபார்ப்பு இலக்கம்: மற்ற 16 இடங்களின் மதிப்புகளை அந்தந்த இடத்துக்குரிய எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அது, மீதி 10 என்றால் எக்ஸ். இணையத்தில் உள்ள இலவசக் கணிப்பான்கள் இதை நொடியில் சரிபார்த்துவிடும்.

குறைந்தது நான்கு இடங்களில் எண்ணை ஒப்பிடுங்கள். முன்கண்ணாடியின் கீழ் மூலை, ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர், பானெட்டுக்குள் அல்லது இருக்கைக்கு அடியில் இரும்பிலேயே அடித்த எண், பதிவுச் சான்று. இடங்கள் மாடலுக்கு மாடல் மாறும். போகும் முன்பே உங்கள் மாடலுக்கு எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாவதாக, வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினால் பெரும்பாலான புதிய வண்டிகளில் கணினிக்குள் பதிந்த எண்ணும் வரும். தகட்டை மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுவது உண்டு.

இரும்பில் அடித்த எண்ணின் மீது விரலை ஓட்டிப் பாருங்கள். அசல் எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும். சுற்றிலும் வெல்டிங் கோடு, ராவிய தடம், அந்தக் கையளவு இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட், தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டில் கீறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கிளம்பிவிடலாம். "துருப்பிடிச்சுது, சுத்தம் பண்ணினேன்" என்ற விளக்கம் வரும். கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? திருட்டு வண்டிக்கு, அதே மாடல், அதே நிறத்தில் சட்டப்படி ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு வண்டியின் எண்ணைப் போட்டு விற்பது பழைய தந்திரம். அந்த எண்ணைத் தேடினால் அறிக்கை சுத்தமாகத்தான் வரும், ஏனென்றால் அது நல்ல வண்டியின் அறிக்கை. இரும்பைப் பார்த்தால்தான் அகப்படும்.

5. காகிதமும் கடனும்

பதிவுச் சான்றின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். "லேமினேட் பண்ணி லாக்கர்ல இருக்கு" என்றால் லாக்கர் திறக்கும் நாளில் வருவதாகச் சொல்லுங்கள். சான்றில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு ஆவணம் தேவை; வாரிசுகள் பலர் என்றால் எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும். நண்பருக்காக விற்கிறேன் என்பவரிடம் உரிமையாளரையே வரச் சொல்லுங்கள்.

அண்மையில் எடுத்த நகல் சான்று என்றால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும்: அசல் எங்கே? அது கடன் கொடுத்தவரிடம் அடமானத்தில் இருக்கலாம். குறுகிய காலத்தில் பல பதிவு அலுவலகங்களுக்கு மாறிய வண்டியும் அப்படித்தான். விபத்து, வெள்ளச் சேதக் குறிப்பு உதிர்ந்துபோவதற்காகவே வண்டியை ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்கு மாற்றிப் பதிவார்கள்.

கடன் இருப்பது வாங்கக்கூடாததற்குக் காரணமில்லை. ஆனால் "நீங்க குடுக்கிற பணத்துல நான் அடைச்சிடறேன்" என்பதை ஏற்காதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்கு இருவரும் சேர்ந்து போய், பாக்கித் தொகையை நேராக அந்தக் கடன் கணக்கில் கட்டி, ரசீதும் கடன் முடிந்த கடிதமும் வாங்கிய பிறகுதான் மீதி விற்பவருக்கு.

6. விபத்து, வெள்ளம், திருப்பிய மீட்டர்

நசுங்கலை நிரப்பி மறைத்த பட்டி வேலையைக் கண்டுபிடிக்கப் பெயின்ட் தடிமன் அளவி மலிவான கருவி. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் மறுபடி அடித்த பெயின்ட். 1000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. கருவி இல்லையென்றால் துணி சுற்றிய சிறு காந்தம் போதும், அலுமினியமும் பிளாஸ்டிக்கும் தவிர்த்து. பானெட், கதவுக் கீல் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள தயாரிப்புக் குறிகளை வரிசையாகப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கதவில் சிராய்ப்பு பெரிய விஷயமில்லை. சேசிஸ் சட்டத்தில் நிமிர்த்திய தடம் தெரிந்தால் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்குச் சீட் பெல்ட்தான் சாட்சி. கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவும் கைகள் அந்த ஆழம் வரை போவதில்லை, சேற்றுக் கோடு அங்கே மிஞ்சியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, இருக்கையைத் தரையில் பிடிக்கும் போல்ட்டுகளின் துரு, ஃபியூஸ் பெட்டி மூலையில் வண்டல், விளக்குக்குள் நீராவி ஆகியவற்றையும் பாருங்கள். பழைய வண்டியில் புத்தம்புதுக் கார்ப்பெட்டும் மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியமும் சேர்ந்திருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது பழைய சக்கர மீட்டரைக் குறைப்பதை விட எளிது. எனவே மீட்டரை நம்பாமல் மற்றவற்றைப் படியுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 2019 வண்டி, 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் 2022-இல் செய்தவை. முதல் டயர்கள் எங்கே போயின? பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிவது, ஸ்டியரிங்கின் மேற்பகுதி வழவழப்பது, ஓட்டுநர் இருக்கையின் ஏறும் பக்கம் உட்கார்ந்துபோனது எல்லாம் லட்சத்தை ஒட்டி ஓடிய அடையாளங்கள். சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் ஏறிக்கொண்டே போகின்றனவா என்றும் பாருங்கள். சில மாடல்களில் கியர்பாக்ஸ், பிரேக் கணினிகள் தங்களுக்கென்று தூரத்தைப் பதிந்து வைத்திருக்கும். அந்த நிறுவன வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கால் அதை எடுக்க முடியும்.

7. எஞ்சின்: சுருக்கமாக

போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். குளிரில் செல்ஃப் எடுக்காத தொல்லை, முதல் நிமிடப் புகை, சத்தம் எல்லாம் மறைந்திருக்கும். ஆறிய பிறகு வருவதாகச் சொல்லுங்கள். எஞ்சினைக் கிளப்பும் முன் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் எஞ்சின், ஏர்பேக், பிரேக் எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அணைந்திருக்க வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம்.

ஸ்கேனரில் பிழை எதுவும் இல்லை என்பது போதாது. பிழைகளை அழித்த பிறகு ஓடிய தூரம், சுயசோதனைகள் முடிந்தனவா என்ற பட்டியல் இரண்டையும் திறந்து பாருங்கள். அழித்து 6 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கிறது, பாதிச் சோதனைகள் முடியவில்லை என்றால், நீங்கள் வரும் முன் யாரோ துடைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படிக் காட்டும், அதனால் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பார்க்கலாமா என்று கேளுங்கள். மற்றதை நீங்கள் தேர்ந்தெடுத்த மெக்கானிக்கிடம் விடுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

8. ட்ரெய்லர் என்றால் கூடுதல் கவனம்

திருட ட்ரெய்லரைப் போல வசதியான பொருள் இல்லை. எஞ்சின் இல்லை, சாவி இல்லை, கொக்கியில் மாட்டி இழுத்தால் போயிற்று. சிறிய ட்ரெய்லர்களுக்குப் பல இடங்களில் முழுமையான உரிமைச் சான்றும் கிடையாது. அதனால் இங்கே "காகிதம்" பலவீனம். "ஆள்", "இரும்பு" இரண்டையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

தொழிற்சாலையில் செய்த ட்ரெய்லரில் எண் தகடு பெரும்பாலும் இழுவைத் தண்டின் அருகே இருக்கும். தகடு போய் ரிவெட் ஓட்டை மட்டும் இருந்தால், அல்லது ட்ரெய்லர் முழுக்கத் துருவாக இருக்க தண்டு மட்டும் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். "நானே வெல்டு பண்ணினது" என்பவரிடம் இரும்பும் ஆக்ஸிலும் வாங்கிய பில்லையும் பதிவுத் துறை கொடுத்த எண்ணையும் கேளுங்கள். இல்லையென்றால் நாளை பதிவுக்கு அலைவது நீங்கள்தான்.

தகட்டில் உள்ள எடையை வைத்தே பொய் சொல்வார்கள். "3,500 கிலோ ட்ரெய்லர்" என்பது சரக்கோடு சேர்த்த மொத்த எடை. ட்ரெய்லரின் சொந்த எடை 1,100 என்றால் ஏற்றக்கூடியது 2,400 மட்டுமே. பின்னால் பெட்டி, சரிவுப் பலகை என்று சேர்த்திருந்தால் சொந்த எடை கூடியிருக்கும். எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. இழுக்கும் வண்டியின் பந்தில் மாட்டும் கப்ளரில் அடித்திருக்கும் பந்து அளவையும் படியுங்கள். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர். அமெரிக்க 2 அங்குலம் என்பது 50.8. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், ஆனால் மாற்றிப் போட்டால் பிடிப்பு தளர்ந்து பள்ளத்தில் கழன்றுவிடலாம்.

இனி ஜாக்கி. ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டால் கரகரப்பு இல்லாமல் ஓட வேண்டும். ஹப்பில் கிரீஸ் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. படகு ட்ரெய்லர்களில் இது சகஜம், பேரிங் மாற்றும் செலவை விலையில் குறையுங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கலாம். ட்ரெய்லர் டயர்கள் பட்டன் தேயும் முன்பே வயதாகி வெடிக்கும், எனவே இங்கும் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். கீழே படுத்து, ஸ்பிரிங் தாங்கிகள் சட்டத்தில் சேரும் இடத்திலும் இழுவைத் தண்டு சேரும் இடத்திலும் விரிசலைத் தேடுங்கள். விரிசலின் மேல் விரிசலாக வெல்டு அடித்த சட்டம் மறுபடி அங்கேதான் உடையும். தரைப் பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், இறங்கினால் உளுத்தது. மின் பிரேக் இருந்தால், கழன்றால் தானாகப் பிடிக்கும் அவசர ஊசியை உருவிப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். பார்த்ததும் ஊசியைத் திருப்பிச் செருகிவிடுங்கள்.

9. பணம் கைமாறும் நேரம்

வண்டியும் நிஜம், காகிதமும் நிஜம், உரிமையாளரும் நிஜம், ஆனாலும் பணம் போய்விடும் ஒரு மோசடி உண்டு. நடுவில் ஒருவன் அசல் விளம்பரத்தை நகலெடுத்துக் குறைந்த விலைக்குப் போடுகிறான். உங்களிடம், "வண்டி என் மச்சான் வீட்டுல நிக்குது, போய்ப் பாருங்க, விலை மட்டும் அவர்கிட்ட பேசாதீங்க, குடும்பத்துல கொஞ்சம் மனஸ்தாபம்" என்பான். உரிமையாளரிடம், "என் ஆள் வந்து பார்ப்பார், அவருக்கு நான் பாக்கி தரணும், அதனால விலை பேசாதீங்க" என்பான். நீங்கள் நேரில் போகிறீர்கள், எல்லாம் சரியாக இருக்கிறது, நடுவில் இருப்பவன் தந்த கணக்கில் பணம் போடுகிறீர்கள். உரிமையாளருக்கு ஒரு காசு வராது. அவர் சாவி கொடுக்க மாட்டார், கொடுக்கவும் வேண்டியதில்லை.

இதை உடைக்க ஒரே கேள்வி போதும். உரிமையாளரின் முகத்தைப் பார்த்து, "உங்க கைக்கு எவ்வளவு வருது? எந்தக் கணக்குக்கு?" என்று கேளுங்கள். விலையைப் பேசாதே என்று யார் சொன்னாலும் அந்த விலையைத்தான் முதலில் பேச வேண்டும். பணம், பதிவுச் சான்றில் உள்ள பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டும் போகட்டும். மனைவி கணக்கு, தம்பி கணக்கு, கம்பெனிக் கணக்கு எதுவும் வேண்டாம். முதலில் மிகச் சிறிய தொகை அனுப்பி, வந்ததை அவருடைய போனிலேயே பார்த்து, பிறகு மீதியை அனுப்புங்கள்.

"பணத்தை மூன்றாம் நிறுவனம் பிடித்து வைக்கும், வண்டி வந்து பிடித்தால்தான் எனக்குத் தருவார்கள்" என்று விற்பவரே ஒரு இணைப்பை அனுப்பினால், அந்தத் தளமும் அவருடையதாகத்தான் இருக்கும். பரிசு அட்டை, கிரிப்டோ நாணயம் என்று கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

விற்பனை ரசீதில் இருவர் பெயர், அடையாள எண், சேசிஸ் எண், அன்றைய மீட்டர் அளவு, தொகை எண்ணிலும் எழுத்திலும், "கடன், வழக்கு, பாக்கி அபராதம் இல்லை" என்ற வரி, தேதியோடு ஒப்படைத்த நேரமும் இருக்க வேண்டும். அந்த நாளில் காலையில் பதிவான அபராதம் யாருடையது என்பதை நேரம்தான் முடிவு செய்யும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

பெயர் மாற்றத்தை அன்றோ மறுநாளோ தொடங்குங்கள். காப்பீடு உங்கள் பெயரில் வந்த பிறகுதான் ஓட்டுங்கள். ஒரே சாவி கொடுத்திருந்தால் மற்றது யாரிடமோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பழைய சாவிகளை வண்டியின் நினைவகத்திலிருந்து நீக்கி உங்களுடையதை மட்டும் பதியச் சொல்லுங்கள். செயலியோடு இணையும் வண்டிகளில் முன்னாள் உரிமையாளர் கணக்கை நீக்காவிட்டால், அவர் தன் போனிலிருந்தே வண்டி நிற்கும் இடத்தைப் பார்க்கலாம், சில மாடல்களில் கதவையும் திறக்கலாம். டாஷ்போர்டுக்குக் கீழே, பம்பருக்குள், ட்ரெய்லரின் சட்டக் குழாய்க்குள் கண்காணிப்புக் கருவி ஒளித்திருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள். விற்ற வண்டியையே மாற்றுச் சாவியால் திரும்பத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு.

மீறி ஏமாந்துவிட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு. பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்தச் சில மணி நேரமே இருக்கும். அடுத்தது காவல்துறை. உரையாடல், விளம்பரம், கணக்கு எண், தொலைபேசி எண் எதையும் அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். அதன்பின் சில நாட்களில், "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று ஒரு அழைப்பு வரலாம். பெரும்பாலும் அதே கும்பல்தான், அல்லது உங்கள் எண்ணை அவர்களிடமிருந்து வாங்கியவர்கள்.